பன்னிரண்டாம் பக்கத்துக் கோடுகள்

எனக்குப் பொதுவாகக் கோபம் வராது, மேடம். வேர்டு ஃபைலைத் திறந்தால் மட்டும் கொஞ்சம் வரும்.

அதில் ஆட்கள் செய்து வைக்கிற வேலை அப்படி. ஒரு வரியை நடுவில் கொண்டுவர ஸ்பேஸை நாற்பது தடவை தட்டியிருப்பார்கள். அடுத்த பக்கத்துக்குப் போக எண்டரைத் தட்டிக்கொண்டே போயிருப்பார்கள். தலைப்புக்கு ஒரு ஃபாண்ட், அதற்குக் கீழே இன்னொன்று, நடுவில் பச்சை, சிவப்பு, ஊதா. அதை அப்படியே லேஅவுட்டுக்குள் இறக்கினால் அந்த அழுக்கெல்லாம் கூடவே வந்து உட்காரும். ஒரு இடத்தில் துடைத்தால் இன்னொரு இடத்தில் முளைக்கும். கொழிஞ்சாம்பாறையில் புத்தகத்துக்குப் பக்கம் அமைக்கிற கடை வைத்துப் பத்தொன்பது வருஷமாக நான் செய்வது இந்த அழுக்கை எடுக்கிற வேலைதான். கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், சர்ச் ஜூபிலி மலர் எல்லாம் செய்திருக்கிறேன். கோயமுத்தூரிலிருந்துகூட ஆள் வருவார்கள்.

காலையில் இந்த ஸ்டேஷனில் சுருக்கமாகச் சொன்னதை முதலிலிருந்து வரிசையாகச் சொல்லச் சொன்னீர்கள். நேற்று நான் சொன்னது வேறு என்பது எனக்கும் தெரியும். வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தேன். பொய்யில் ஒரு வரியை மாற்றினால் கடைசிப் பக்கம் வரைக்கும் எல்லாம் நகர்ந்துவிடுகிறது. எதை எங்கே வைத்தோம் என்று நமக்கே மறந்துபோகும். எனக்கு அது சரிப்படாது. அதனால் இன்று உள்ளதைச் சொல்கிறேன்.

ஃபைலை இறக்கும்போது சாஃப்ட்வேர் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டும். எழுதியவர் போட்ட கலர், தடித்த எழுத்து, கோடு எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளவா, எடுத்துவிடவா என்று கேட்கும். நான் எடுத்துவிடச் சொல்வேன். எப்போதும் அப்படித்தான். குளிப்பாட்டித் தலை துவட்டிய பிள்ளை மாதிரி எழுத்து வந்து நிற்கும். பிறகு எது தடிப்பாக வேண்டுமோ அதை நானே ஒவ்வொன்றாகப் போடுவேன். என் மனைவி செல்வப்பிரியா இதைக் கேலி செய்வாள். உங்க கையில மீனக் குடுத்தா முள்ளில்லாம வருமுங்க, செதிலில்லாம வருமுங்க, கடைசியில மீனே இல்லாம வருமுங்க என்பாள். நானும் சிரிப்பேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். என் கையால் போன புத்தகம் ஒன்றில்கூட பிழைதிருத்தச் சீட்டு வைத்ததில்லை. மற்ற கடைக்காரர்கள் கடைசிப் பக்கத்தில் துண்டுச்சீட்டு ஒட்டி அனுப்புவார்கள். நான் அனுப்பியதில்லை. இதைக் கடைச் சுவரில் எழுதியே மாட்டியிருக்கிறேன். நீங்கள் வந்தபோது பார்த்திருப்பீர்கள்.

சிஸ்டர் என் கடைக்கு வந்தது போன ஏப்ரலில். பெயர் சந்தனமேரி. காந்தலூருக்கு மேலே ஒரு எஸ்டேட் டிஸ்பென்சரியில் முப்பத்தியொரு வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்தெட்டு வயசு. அந்தப் பக்கத்தில் எல்லோரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். ஏலக்காய்க்கும் காய்கறிக்கும் மருந்து அடிக்கிறவர்களுக்காக ஒரு கையேடு எழுதியிருந்தார். நாற்பத்தெட்டு பக்கம். மருந்து மேலே பட்டால் என்ன செய்வது, வாய்க்குள் போனால் என்ன செய்வது, மயங்கி விழுந்தால் என்ன செய்வது. சர்ச் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இரண்டு விரலால் எட்டு மாசம் உட்கார்ந்து அவரே டைப் செய்தது. பெண்டிரைவைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார்.

திறந்து பார்த்தேன். நிறைய வரிகளுக்குக் குறுக்கே கோடு. கணக்குப் பார்த்தேன், இருபத்தாறு இடம். அடித்த வரிகளை அழிக்காமல் விட்டுவிட்டீர்களே சிஸ்டர் என்றேன். அவர் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அடித்தது தப்பு வைத்தியம், ஆட்கள் வழக்கமாகச் செய்வது என்றார். கீழே அடிக்காமல் இருப்பது சரியான வைத்தியம். ‘கூடாது’ என்ற சொல்லை எங்கேயும் எழுதவில்லை. தோட்டத்தில் பாதிப் பேர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள், ஆனால் வருகை எழுதுகிற மஸ்டர் புத்தகத்தில் தன் பேருக்கு மேல் கோடு விழுந்தால் அன்றைக்கு வேலை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். கோடு என்றால் கூடாது. அந்த ஊரில் அதற்கு விளக்கம் வேண்டாம்.

“அடிச்ச வரிய எடுத்துராதீக தம்பி,” என்றார். “எடுத்துட்டா, நம்ம வைத்தியத்த இந்தம்மாவுக்குத் தெரியல போலன்னு நெனச்சு மறுபடி அதத்தான் செய்வான். கோட்டப் பாத்தாத்தான் கை நிக்கும்.”

டிஸ்பென்சரி ரிஜிஸ்டரிலும் அப்படித்தானாம். தப்பாக எழுதிவிட்டால் ரப்பர் போடக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது. ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் கையெழுத்தும் தேதியும். “கோடு போட்டா அது தப்பு. அழிச்சா அது பொய்யி,” என்றார். “மனுசன் தப்புப் பண்ணலாம். பொய் சொல்லப்படாது.” நான் தலையாட்டினேன். எனக்குப் புரியவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நன்றாகப் புரிந்தது.

அவர் போனதும் ஃபைலை இறக்கினேன். பெட்டி வந்தது. கேட்டது. வழக்கம்போல எடுத்துவிடச் சொன்னேன். எழுத்தைச் சுத்தம் செய்துகொண்டு கோடுகளை நானே திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். எந்தெந்தப் பக்கம் என்று ஒரு சீட்டில் குறித்தும் வைத்தேன். அந்த வாரம் முகூர்த்த வாரம், கல்யாணப் பத்திரிகை வேலை தலைக்கு மேல். சீட்டு எங்கேயோ போய்விட்டது. இதுவரை நடந்ததை யாருக்கும் நடக்கிற மறதி என்று எழுதிக்கொள்ளலாம். ஆனைக்கும் அடி சறுக்கும்.

புரூஃபை சிஸ்டரின் ஃபோனுக்கு அனுப்பினேன். அவருக்கு அப்போதுதான் கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். எழுத்து கலங்கலாகத் தெரியுது தம்பி, கோடெல்லாம் இருக்கா என்று கேட்டார். இருக்குதுங்க சிஸ்டர் என்றேன். திறந்து பார்த்துச் சொல்லவில்லை. வேறொரு வேலையில் கை இருந்தது.

அறுநூறு பிரதி. பொள்ளாச்சியில் அச்சாகி ஒரு வெள்ளிக்கிழமை காலை கடைக்கு வந்தது. நான் எந்தப் புத்தகம் வந்தாலும் முதல் பண்டலைப் பிரித்து ஒரு பிரதியை எடுத்து நடுவில் திறப்பேன். அதையும் திறந்தேன். பன்னிரண்டாம் பக்கம் வந்தது. மயங்கிக் கிடப்பவரை நிமிர்த்தி உட்கார வைத்து உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வை. அதற்குக் கீழே, ஒருக்களித்துப் படுக்க வை. சட்டையைக் கழற்று. சோப்புப் போட்டுக் கழுவு. மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ. முதல் வரியில் கோடு இல்லை. ஐந்தும் ஒரே மாதிரி, ஒரே இடைவெளியில், வரிசையாக நின்றன. பக்கம் அழகாக இருந்தது.

அதைத்தான் நேற்று நான் உங்களிடம் சொல்லவில்லை.

காந்தலூர்க் காய்கறி வண்டி பொள்ளாச்சிச் சந்தையில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும். என் கட்டுகளுக்காக வழியை மாற்றி கொழிஞ்சாம்பாறை வந்து நின்றிருந்தது. டிரைவர் அவசரப்படுத்தினார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் திருநாளில் வெளியீடு. நான் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றிருப்பேன். சிஸ்டருக்கு ஃபோன் செய்யலாம். ஒரு சீட்டு அடித்து அறுநூறு புத்தகத்திலும் வைக்கலாம், ஒரு மணி நேர வேலை. சீட்டில் பிழைதிருத்தம் என்று தலைப்புப் போட வேண்டும். சுவரைப் பார்த்தேன். பிறகு, இந்த மாதிரிப் புத்தகத்தை யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டு போய் காலண்டருக்குப் பின்னால் செருகி வைப்பார்கள். கட்டைத் திரும்பக் கட்டி வண்டியில் ஏற்றினேன்.

படித்திருக்கிறார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. வெளியீட்டு விழாவில் சிஸ்டர், யாருக்கு என்ன ஆனாலும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லுவாக, கேக்காதீக, புத்தகத்தத் தொறந்து பாத்து அதுல உள்ளதச் செய்யுங்க என்று மைக்கில் சொல்லியிருக்கிறார்.

ஜூலையில் சுவக்கீன் என்பவர் மருந்து அடித்துவிட்டு வந்து, தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலிலேயே விழுந்திருக்கிறார். ஐம்பத்திரண்டு வயசு. வீட்டில் மகள் ரிஞ்சு மட்டும். இருபத்திரண்டு வயசுப் பெண், பி.காம். படித்தவள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்ல, அவர்களைத் தள்ளிவிட்டு உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்திருக்கிறாள். மடியில் விரித்து வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகச் செய்திருக்கிறாள். நிமிர்த்தி உட்கார வைத்தாள். உப்புத் தண்ணீர் புகட்டினாள். பிறகு ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். சட்டையைக் கழற்றினாள். கழுவினாள். டப்பாவைக்கூட மறக்காமல் எடுத்துக்கொண்டாள். ஒன்றையும் விடவில்லை. ஜீப் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அவர் இறந்துவிட்டார். தண்ணீர் நெஞ்சுக்குள் போயிருக்கிறது, மயக்கத்தில் இருப்பவருக்கு யார் தண்ணீர் கொடுத்தது என்று டாக்டர் கேட்டாராம். அவள் புத்தகத்தைக் காட்டினாளாம்.

இதெல்லாம் சிஸ்டர் ஃபோனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அடடா என்றேன். பிறகு கேட்டார், தம்பி, நான் கோடு போட்டுத்தானே கொண்டாந்தேன். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். சர்ச் கம்ப்யூட்டர் ரிப்பேராகி மாற்றிவிட்டார்களாம், அதில் இருந்ததெல்லாம் போய்விட்டதாம். பெண்டிரைவ் என்னிடமே இருந்தது. அதைத் தபாலில் அனுப்பச் சொன்னார், ஒரே ஒரு தடவை என் கண்ணால பாத்துக்கிடுதேன் என்றார்.

இதைக் காலையில் சொன்னபோது நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தீர்கள். மறுபடியும் சொல்கிறேன். பெண்டிரைவைச் செருகி அவருடைய வேர்டு ஃபைலைத் திறந்தேன். முழுவதையும் செலக்ட் செய்தேன். கோடுகளை எடுத்தேன். அதற்கு இரண்டு தட்டு போதும். சும்மா சேவ் செய்தால் அன்றைய தேதி விழும் என்பதால் கம்ப்யூட்டர் தேதியை மார்ச்சுக்கு மாற்றிவிட்டு சேவ் செய்தேன். பிறகு தேதியைச் சரியாக வைத்தேன். தேதி தப்பாக இருந்தால் மற்ற வேலை கெட்டுவிடும். பெண்டிரைவை அதே கைக்குட்டையில் முடிந்து கவரில் போட்டு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சோறு நிறைய இருந்தால் மறைக்கலாம்.

நாலாம் நாள் சிஸ்டர் பேசினார்.

“எனக்குத்தான் புத்தி பெசகிருக்கு தம்பி. கோடே இல்ல. போட்டதா மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டே இருந்திருக்கேன். ஒங்க மேல சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சுக்கிடுங்க.”

“பரவால்லீங்க சிஸ்டர்,” என்றேன்.

எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. வெட்கமாக இருந்திருக்க வேண்டும் என்று தெரியும், ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது. அன்றைக்கு மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் செய்தது ஊர் முழுக்கத் தெரியும். ஒரு ஸ்கேலும் சிவப்புப் பேனாவும் எடுத்துக்கொண்டு லயம் லயமாக, தோட்டம் தோட்டமாகப் போனார். ஒவ்வொரு வீட்டிலும் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, இருபத்தாறு இடத்திலும் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் கையெழுத்தும் தேதியும் போட்டார். இது என் தப்பு என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார். ரிஞ்சு வீட்டுக்கும் போனார். அவள் கதவைத் திறக்கவில்லையாம். வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்திருக்கிறார். பிறகு இந்த ஸ்டேஷனுக்கு வந்து தன் மேல் கேஸ் எழுதச் சொன்னதும் அவர்தான். அது உங்களுக்கே தெரியும்.

தினமும் நாலு மணிக்கு என்னைக் கூப்பிடுவார். பக்க எண்கள் சரியா என்று கேட்பார். ஒங்களத் தவிர யாருட்டயும் கேக்க முடியல தம்பி என்பார். இன்னைக்கு நாப்பத்திரெண்டு புத்தகம் முடிஞ்சிருக்கு என்பார். நான் பக்க எண்களைச் சொல்வேன். பதினொன்று, பன்னிரண்டு, பதினான்கு. எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அந்தச் சீட்டு தொலைந்தது ஒரு விஷயமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அவருக்குக் கால் வீங்கிவிட்டது என்றார், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள் என்று நான்தான் சொன்னேன். ஒரு நாள் அவர் கூப்பிடவில்லை. நானே கூப்பிட்டு விசாரித்தேன். அவ்வளவு மரியாதை எனக்கு அவர் மேல் உண்டு, மேடம்.

போன வாரம் ரிஞ்சு கடைக்கு வந்தாள். காந்தலூரிலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருக்கிறாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பையிலிருந்து அவள் அப்பாவின் பைபிளை எடுத்தாள். அதற்குள் நாலாக மடித்த ஒரு தாள். புத்தகம் எழுதிக்கொண்டிருந்தபோது, படிப்பறிவு குறைந்தவர்களுக்குப் புரிகிறதா என்று பார்க்க சிஸ்டர் ஒரு பக்கத்தை சர்ச் பிரிண்டரில் எடுத்து சுவக்கீனிடம் கொடுத்திருக்கிறார். அவர் பார்த்துவிட்டு, கோடு போட்டது செய்யக் கூடாததுதானே சிஸ்டர் என்றாராம். சுவக்கீன் இறந்த பிறகு சிஸ்டர் இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை, பெண்டிரைவைப் பார்த்த பிறகு அவருக்கே தன் மேல் நம்பிக்கை இல்லை. தாள் இத்தனை நாள் பைபிளுக்குள் இருந்திருக்கிறது. பன்னிரண்டாம் பக்கம்தான். முதல் வரியில் கோடு இருந்தது.

“அண்ணே, இதுல கோடு இருக்கு,” என்றாள். “புத்தகத்துல எங்க போச்சு?”

வேர்டிலிருந்து இறக்கும்போது சில சமயம் போய்விடும், சாஃப்ட்வேர் செய்கிற வேலை என்றேன்.

“அது ஒங்களக் கேக்காமலா செஞ்சிச்சு?”

அவள் சத்தம் போடவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள். நான் ஸ்கிரீனைப் பார்த்தேன். வேறொரு ஃபைலை இறக்கிக்கொண்டிருந்தேன், அந்தப் பெட்டி திறந்தபடி நின்றிருந்தது.

“கேட்டுதுங்க,” என்றேன்.

அவள் தாளை மடித்துப் பைபிளுக்குள் வைத்தாள். எங்க அப்பாவ நான் கொன்னுட்டேன்னு நெனச்சு மூணு மாசம் படுத்திருந்தேண்ணே என்று மட்டும் சொன்னாள். பிறகு உங்களிடம் வந்தாள், நீங்கள் என்னிடம் வந்தீர்கள்.

நேற்று நான் உங்களிடம் சொன்னது பாதி. சாஃப்ட்வேரில் கோடு போனது எனக்குத் தெரியாது என்றேன். அச்சான புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை என்றேன். பெண்டிரைவைத் தொடவில்லை என்றேன். உங்கள் ரைட்டர் அதை டைப் செய்து வைத்திருக்கிறார். இன்று சொன்னதுதான் உண்மை. எனக்குத் தெரியும். பன்னிரண்டாம் பக்கத்தைப் பார்த்தேன், தெரிந்தே அனுப்பினேன். ஒரு ஆள் செத்த பிறகு, தெரிந்தே அந்தப் பழியை சிஸ்டர் கையில் கொடுத்தேன். இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

காலையில் இதை நீங்கள் சிஸ்டருக்கு ஃபோன் போட்டுச் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். ஸ்பீக்கரில் கேட்டது. “அந்தத் தம்பி அப்படிச் செய்யமாட்டாரு,” என்றார். “என்னயக் காப்பாத்த யாரோ சொல்லிக் குடுத்துச் சொல்லுதாரு. பெண்டிரைவ நான் எங் கண்ணாலயே பாத்தேன். நேத்து எழுதுனது பொய்யினா அத அவரு கையாலயே அடிச்சு, கீழ கையெழுத்துப் போடட்டும். அந்தக் கோட்டப் பாத்தா நம்புதேன். அதுவரைக்கும் தப்பு எம்மேலதான்.”

அதனால்தான் நேற்றைய தாளை என் முன்னால் வைத்திருக்கிறீர்கள். ஸ்கேலும் பேனாவும் வைத்திருக்கிறீர்கள். மூன்று வரிக்குக் கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போடச் சொல்கிறீர்கள். சாயங்காலத்துக்குள் இதைக் கொண்டுபோய் அவரிடம் காட்ட வேண்டும் என்கிறீர்கள். நல்லது. அவர் நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசையும்.

தாளைப் படித்துப் பார்த்தேன். உங்கள் ரைட்டர் நன்றாக டைப் செய்திருக்கிறார். மார்ஜின் சரியாக இருக்கிறது, வரிகள் ஒரே இடைவெளியில் இருக்கின்றன. நடுவில் மூன்று சிவப்புக் கோடு விழுந்தால் பார்க்க நன்றாக இருக்காது, மேடம். எனக்கு அது பழக்கமும் இல்லை. ஃபைலைக் கொடுங்கள், நானே செய்து தருகிறேன். அந்த மூன்று வரியும் அங்கே இருந்த சுவடே தெரியாமல் எடுத்துவிடலாம்.